சமையல் போட்டி நிகழ்ச்சிகளும் ஃபைன் டைனிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் போட்டிகளை விடாமல் பார்ப்பவன், உணவக வரலாற்றைத் தேடிப் படிப்பவன் என்று தெரிந்ததிலிருந்து பலரும் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. எனவே கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஃபைன் டைனிங்னா என்ன? பில் பெருசா வந்தா அது ஃபைன் டைனிங்கா?

நுணுக்கமாகச் சமைத்து, மேசையில் விளக்கிப் பரிமாறும் உயர்ரக உணவகச் சாப்பாடுதான் ஃபைன் டைனிங். பில் பெரிதாக வருவது அதன் விளைவு. ஒரு தட்டுக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். தட்டில் ஒரு கரண்டி அளவு ஊற்றப்படும் சாஸுக்காக முந்தைய நாளே எலும்பை வறுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, சுண்டவைத்திருப்பார்கள். மேசையில் ஒருவர் உணவை விளக்குவார், இன்னொருவர் ஒயின் பரிந்துரைப்பார், உள்ளே பத்து இருபது பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

அந்த உள்ளறை இயங்கும் முறைக்கு வடிவம் கொடுத்தவர் ஓகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935). பிரெஞ்சு ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். பின்னாளில் லண்டன் சவாய் ஹோட்டல் சமையலறையை நடத்தியபோது வேலையைப் பிரித்துக் கொடுத்தார்: சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், குளிர்ந்த பதார்த்தங்களுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர், எல்லாருக்கும் மேலே ஒரு தலைமை செஃப். 'பிரிகேட்' என்கிற அந்த அமைப்பு இன்றும் பெரிய சமையலறைகளில் இருக்கிறது. அதன் நோக்கம் ஒன்றுதான். இன்று போன தட்டும் அடுத்த மாதம் போகும் தட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போட்டி நிகழ்ச்சிகள் எப்ப ஆரம்பிச்சது? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?

பிரிட்டனில் பிபிசி 1990-ல் மாஸ்டர்செஃப்பைத் தொடங்கியது. உருவாக்கியவர் ஃப்ராங்க் ராடம் என்ற திரைப்பட இயக்குநர். 2005-ல் அதற்குப் புது வடிவம் கொடுத்தார்கள். 2009-ல் வந்த ஆஸ்திரேலியப் பதிப்பு அதை வாரத்தில் பல நாள் ஓடும் பெருந்தொடராக்கியது. இதற்கிடையே ஜப்பானில் ஃப்யூஜி தொலைக்காட்சி 1993-ல் அயர்ன் செஃப் நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. ரகசியப் பொருள் ஒன்று, அறுபது நிமிடம், இரண்டு செஃப்கள், குத்துச்சண்டை போன்ற வர்ணனை. அமெரிக்காவின் டாப் செஃப் 2006-லும், கேக், ரொட்டி சுடும் போட்டியான பிரிட்டனின் பேக் ஆஃப் 2010-லும் வந்தன.

பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும், போட்டியிடுவது யார் என்பதில்தான் வித்தியாசம். மாஸ்டர்செஃப், பேக் ஆஃப் இரண்டும் தொழில்முறை அல்லாதவர்களுக்கானவை. டாப் செஃப் ஏற்கெனவே சமையலறைகளில் வேலை செய்பவர்களுக்கானது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

மிச்செலின் ஸ்டார் ஸ்டார்னு சொல்றாங்களே, டயர் கம்பெனிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அதே டயர் கம்பெனிதான். ஆந்த்ரே, எதுவார் என்ற மிச்செலின் சகோதரர்கள் 1900-ல் கார் ஓட்டிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டார்கள். வழியில் எங்கே பழுது பார்க்கலாம், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. மக்கள் அதிகம் கார் ஓட்டினால்தானே டயர் தேயும்! 1926-ல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை 1931-ல் வந்தது.

ஆய்வாளர்கள் தாங்கள் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து சாப்பிட்டு, பில்லையும் கட்டிவிட்டுப் போவார்கள். பொருளின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் இசைவு, தட்டில் தெரியும் செஃபின் தனித்தன்மை, எப்போது வந்தாலும் அதே தரம் என்ற ஐந்தைத்தான் பார்க்கிறார்கள். மேசை விரிப்புக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் நட்சத்திரம் கிடையாது. 2016-ல் சிங்கப்பூரில் கோழிச் சோறு விற்ற ஒரு தெருக்கடைக்கே ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஆகவே நட்சத்திரம் பெற்ற இடமெல்லாம் ஃபைன் டைனிங் அல்ல. ஃபைன் டைனிங் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் உண்டு என்றும் இல்லை.

அந்த நடுவர் மூணு ஸ்டார் செஃபாமே?

நட்சத்திரம் உணவகத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. செஃப் வேலையை விட்டுப் போனால் நட்சத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. டிவி போட்டிகளில் நடுவராக வரும் பிரிட்டிஷ் செஃப் கார்டன் ராம்சேயின் லண்டன் ராயல் ஹாஸ்பிடல் சாலை உணவகம் 2001-ல் மூன்று நட்சத்திரம் பெற்றது. அவர் உலகமெங்கும் படப்பிடிப்பில் இருக்கும்போதும் அது தக்கவைக்கப்படுகிறது என்றால், அன்றாடம் அங்கே அடுப்படியில் நிற்பவர்களையும் சேர்த்துத்தான் பாராட்ட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் நிஜமாவே ஒரு மணி நேரமா?

கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் நிஜம்தான். பங்கேற்ற பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கடிகாரத்துக்கு முன்னும் பின்னும் நடப்பது வேறு கதை. வரிசையாக உள்ளே நடந்து வரும் காட்சியைப் பல தடவை எடுப்பார்கள். விதிமுறைகளை கேமரா இல்லாமல் விளக்கமாகச் சொல்வார்கள். "அப்போ எனக்குக் கை நடுங்கிடுச்சு" என்று ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசுகிறாரே, அது சமையல் முடிந்த பிறகு, சில சமயம் வேறொரு நாளில், அதே சட்டையைப் போடவைத்து எடுத்தது. நிகழ்காலத்தில் பேசச் சொல்லிவிடுவதால் நமக்கு அப்போதே பேசியது போலத் தோன்றுகிறது.

தட்டை வச்சுட்டு அவ்வளவு நேரம் பேசறாங்களே, ஆறிப்போனதையா நடுவருங்க சாப்பிடறாங்க?

ஆமாம், பல நேரம் ஆறியதைத்தான். கேமராக்களை மாற்றி வைப்பது, ஒளி சரிசெய்வது, தட்டுகளை அழகாகப் படமெடுப்பது என்று நேரம் போய்விடும். சில போட்டிகளில் கேமராவுக்கென்றே கூடுதலாக ஒரு தட்டு வைக்கச் சொல்வார்கள். இந்தக் குறையைச் சரிக்கட்ட, மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா போன்றவற்றில் போட்டியாளர்கள் சமைக்கும்போதே நடுவர்கள் மேசை மேசையாக வந்து சூடாக இருக்கும்போது ருசித்துவிடுகிறார்கள். மேடையில் நாம் பார்க்கும் ஒரு வாய், முடிவில் பாதிதான்.

இதனால் போட்டிச் சமையலே கொஞ்சம் கோணலாக வளர்ந்துவிட்டது. ஆறினாலும் தாக்குப்பிடிக்கும் பதார்த்தம் ஜெயிக்கும். அடுப்பிலிருந்து எடுத்த அரை நிமிடத்தில் சாப்பிட வேண்டியது தோற்கும்.

ரிசோட்டோ பண்ணினவங்க எல்லாம் ஏன் வீட்டுக்குப் போறாங்க?

முந்தைய பதிலின் நேரடி விளைவு இது. ரிசோட்டோ என்பது குழைவான இத்தாலிய அரிசி உணவு. அதற்கான அரிசி சுமார் பதினெட்டு நிமிடத்தில் பதத்துக்கு வரும். அந்த நொடியில் தட்டில் பரவும்படி தளர்வாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் கெட்டியாகும், இன்னும் கொஞ்சம் போனால் களிதான். சூடாகவும் உடனேயும் சாப்பிட வேண்டிய ஒன்றை, காத்திருந்து சாப்பிடும் இடத்தில் சமைப்பது தற்கொலை முயற்சி என்றே போட்டியாளர்கள் பேசிக்கொள்வார்கள்.

உணவகங்களில் இதைச் செய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அரிசியை முக்கால் பதத்துக்கு வேகவைத்து, தட்டையான தட்டில் பரப்பி ஆறவைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் மீதிக் கால் பதத்தை முடித்து நேராக மேசைக்கு அனுப்புவார்கள். முன்கூட்டித் தயார் செய்து வைக்கும் இந்த வேலைக்கு 'மீஸ் ஆன் ப்ளாஸ்' என்று பெயர். தொழில்முறைச் சமையலின் பெரும்பகுதி இதுதான். டிவியில் இது காட்டப்படுவதே இல்லை, காட்டினாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்று மணி நேரம் வெங்காயம் நறுக்குவதில் என்ன பரபரப்பு?

யார் ஜெயிப்பாங்கனு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்களாமே?

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1950-களில் வினாடி வினா நிகழ்ச்சிகளில் பதிலை முன்பே சொல்லிக்கொடுத்த மோசடி வெளிப்பட்டது. 1960-ல் அறிவு, திறமை, அதிர்ஷ்டம் சார்ந்த ஒளிபரப்புப் போட்டிகளில் முடிவை ரகசியமாக முன்தீர்மானிப்பதைக் குற்றமாக்கினார்கள். எனவே இவர்தான் ஜெயிக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைப்பது சுலபமல்ல.

அதே நேரம், தயாரிப்பாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் இல்லை. டாப் செஃப் முடிவில் வேகமாக ஓடும் எழுத்துகளை நிறுத்திப் படித்துப் பாருங்கள். வெற்றியும் வெளியேற்றமும் தயாரிப்பாளர்களுடன் ஆலோசித்து நடுவர்கள் எடுத்த முடிவு என்றும், சில வெளியேற்ற முடிவுகள் சேனலுடன் பேசப்பட்டன என்றும் போட்டிருப்பார்கள். இரண்டு தட்டுகள் சம அளவில் மோசமாக இருக்கும்போது, நன்றாகப் பேசுபவர் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். என் பார்வையில் நிஜமான தலையீடு நடப்பது முடிவில் அல்ல, யாரைத் தேர்ந்தெடுத்து உள்ளே விடுகிறார்கள் என்பதிலும் அடுத்த சவால் என்ன என்பதிலும்தான். இனிப்பு செய்யத் தெரியாதவர் என்று தெரிந்தே இனிப்புச் சவால் வைக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

நல்லவங்களைக் கெட்டவங்களா காட்டிடுவாங்களா?

காட்ட முடியும். ஒருவர் பல மணி நேரம் பேசியதில் இரண்டு வாக்கியம்தான் வெளியே வரும், அந்த இரண்டை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. எங்கேயோ பார்த்து முறைத்ததை இன்னொருவரின் பேச்சுக்குப் பக்கத்தில் ஒட்டினால் பகை தயார்.

2014 பேக் ஆஃபில் ஒரு போட்டியாளரின் ஐஸ்கிரீம் உருகிப்போய், அவர் கோபத்தில் மொத்தத்தையும் குப்பையில் போட்டார். அதற்கு முன் இன்னொரு போட்டியாளர் அந்த ஐஸ்கிரீமைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தது திரையில் வந்தது. வேண்டுமென்றே செய்ததாக நினைத்துப் பார்வையாளர்கள் கொதித்துப்போய், ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமுக்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட புகார்கள் அனுப்பினார்கள். அது வெளியே இருந்தது சுமார் நாற்பது நொடிதான் என்று நிகழ்ச்சித் தொகுப்பாளரே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நாற்பது நொடி எவ்வளவு நீளமாகத் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்தது படத்தொகுப்பு மேசை.

இவங்க நிஜமா வீட்டுச் சமையல்காரங்கதானா? ரெசிபி பார்க்காம எப்படி இத்தனை செய்யறாங்க?

பொதுவான விதி, உணவகச் சமையலறையில் சமைப்பது உங்கள் முக்கிய வருமானமாக இருக்கக் கூடாது என்பதுதான். முன்பு சமையல் வகுப்புக்குப் போனவர்களும், உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர்களும் இதில் வரலாம். 'வீட்டுச் சமையல்' என்ற சொல்லுக்குள் நிறைய இடம் இருக்கிறது.

மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா போன்றவற்றில் உள்ளே வந்த பிறகு அவர்களுக்கு வேறு வேலையே இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். மாதக்கணக்கில் ஒரே வீட்டில் தங்கி, புத்தகங்களைப் புரட்டி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, கேக்கும் கஸ்டர்டும் எந்த விகிதத்தில் வரும் என்று மனப்பாடம் செய்கிறார்கள். முதல் வாரத்தில் தடுமாறியவர் கடைசி வாரத்தில் கலக்குவதற்குக் காரணம் மந்திரமல்ல, இந்தப் படிப்புதான்.

அவ்ளோ பெரிய தட்டுல இத்துனூண்டு சாப்பாடு வைக்கறாங்களே, வயிறு நிறையுமா?

நிறையும். அது ஒரு தட்டு மட்டும் இல்லை. டேஸ்டிங் மெனுவில் பத்து முதல் இருபது தட்டுகள் வரை வரிசையாக வரும். கடைசியில் பலர் மூச்சு வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். ஒரே சுவை நான்காவது வாய்க்கு மேல் நாக்கில் மங்கிவிடும், அதற்குள் அடுத்ததைக் கொடுத்துவிடுவது அதன் கணக்கு.

டிவி இதில் ஒரு குழப்பம் செய்கிறது. வரிசையில் ஏழாவதாக வர வேண்டிய தட்டைத் தனியாக எடுத்து நமக்குக் காட்டுகிறது.

கிச்சன்ல நிஜமாவே இப்படித்தான் கத்துவாங்களா?

சத்தம் இருக்கும், ஆனால் வேறு மாதிரி. தயாரான தட்டுகளை வெளியே அனுப்பும் 'பாஸ்' எனப்படும் மேடையருகே நின்று ஒருவர் ஆர்டர்களை உரக்கப் படிப்பார், எல்லாரும் சேர்ந்து "யெஸ் செஃப்" என்பார்கள். அது பணிவைக் காட்ட மட்டுமல்ல, காதில் விழுந்தது என்பதற்கான ஒப்புதல். கொதிக்கும் பாத்திரத்தோடு ஒருவர் பின்னால் போனால் "பின்னால வர்றேன்" என்று குரல் கொடுப்பார். நன்றாக நடக்கும் சமையலறையில் இதற்கு மேல் பேச்சே குறைவு.

முகத்துக்கு நேரே திட்டுவது, தட்டை வீசுவது எல்லாம் நிஜ சமையலறைகளில் நடந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். பல செஃப்கள் தாங்கள் பட்டதைப் பகிரங்கமாகவே பேசியிருக்கிறார்கள். கார்டன் ராம்சே நடத்தும் ஹெல்ஸ் கிச்சன் போட்டி அந்தப் பழைய வன்முறையை எடுத்துப் பொழுதுபோக்காக்கியது. அதே ராம்சே மாஸ்டர்செஃப் ஜூனியரில் எட்டு வயதுக் குழந்தையிடம் குனிந்து அமைதியாகப் பேசுவதைப் பாருங்கள். நிகழ்ச்சி கேட்ட குரலைக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

போட்டில ஜெயிச்சவங்க ஏன் யாருமே பெரிய செஃப் ஆகறதில்லை?

'யாருமே' என்பது சரியில்லை. டாப் செஃப் நான்காம் பருவத்தில் வென்ற ஸ்டெஃபனி இஸார்ட் 2010-ல் சிகாகோவில் திறந்த கேர்ல் அண்ட் த கோட் பெரிய வெற்றி. பதின்மூன்றாம் பருவத்தில் வென்ற ஜெரமி ஃபோர்டின் மயாமி உணவகமான ஸ்டபர்ன் சீட் 2022-ல் மிச்செலின் நட்சத்திரம் பெற்றது. ஆனால் கவனியுங்கள், இருவரும் போட்டிக்கு முன்பே தொழில்முறைச் சமையலறைகளில் ஊறியவர்கள்.

மாஸ்டர்செஃப் பக்கம் வந்தால் பாதை வேறு. 2005-ல் பிரிட்டனில் வென்ற தாமஸினா மையர்ஸ் 2007-ல் வஹாகா என்ற எளிய மெக்சிகன் உணவகத்தைக் கூட்டாகத் தொடங்கினார், அது பல கிளைகளானது. 2010-ல் ஆஸ்திரேலியாவில் வென்ற வழக்கறிஞர் ஆடம் லியா புத்தகங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் போனார். இவை தோல்விகள் அல்ல. புதிதாக ஒன்றை யோசித்து ஒரே ஒரு தடவை பிரமாதமாகச் செய்யும் திறமையைத்தான் போட்டி சோதிக்கிறது. முதல் பதிலில் சொன்னபடி ஃபைன் டைனிங் கேட்பது, அதையே இன்றிரவு அறுபது தடவையும் நாளைக்கு அறுபது தடவையும் செய்யும் திறமையை. முதலாவது இருப்பவருக்கு எழுதவும் பேசவும் சொல்லிக்கொடுக்கவும் வரும். இரண்டாவது, வருடக்கணக்கில் ஒரே மூலையில் நின்று பழகினால்தான் வரும்.

அப்ப நிஜ செஃபுங்க போட்டியே போடறதில்லையா?

போடுகிறார்கள், டிவி ரசிகர்களுக்கு அது அலுப்பூட்டும். பிரெஞ்சு செஃப் பால் பொக்யூஸ் 1987-ல் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கிய பொக்யூஸ் தோர் என்ற போட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு செஃப், கூட ஓர் இளம் உதவியாளர். ஐந்தரை மணி நேரத்துக்கும் மேலாகச் சமைப்பார்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, நிமிடக் கணக்கோடு வந்து நிற்பார்கள். ரகசியப் பெட்டியைத் திறந்து திகைக்கும் காட்சிக்கு அங்கே இடமில்லை.

பிரான்ஸில் 'மெய்யர் உவ்ரியே த ஃப்ரான்ஸ்' என்று கைவினைஞர்களுக்கான பட்டம் ஒன்றும் இருக்கிறது, 1924 முதல். வென்றவர்கள் சட்டைக் காலரில் நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டை அணிவார்கள். இதில் முதலிடம் என்பதே கிடையாது. குறித்த தரத்தை எட்டியவர்கள் எல்லாருக்கும் பட்டம், எட்டவில்லையென்றால் இல்லை. பக்கத்தில் இருப்பவரை வீழ்த்த வேண்டிய அவசியமே இல்லாத போட்டி. எனக்கு இதுதான் பிடித்தமானது.

இவ்வளவு விலை வச்சா லாபம் கொட்டுமே?

கொட்டினால் எல்பூயி ஏன் மூடப்பட்டது? ஸ்பெயினில் ஃபெரான் அத்ரியா நடத்திய அந்த உணவகத்தில் ஒரு பருவத்துக்குச் சுமார் 8,000 இருக்கைகள், கேட்டவர்களோ இருபது லட்சம் பேர் வரை என்று சொல்லப்பட்டது. அப்படியும் உணவகம் நட்டத்தில்தான் ஓடியது, புத்தகங்களும் உரைகளும் அதைத் தாங்கின. 2011 ஜூலையில் மூடினார்கள்.

காரணம் முதல் பதிலில் சொன்ன கைகளின் எண்ணிக்கை. அந்தக் கைகளுக்கு முழுச் சம்பளம் கொடுத்தால் கணக்கு இடிக்கும். 'ஸ்டாஜ்' என்ற பெயரில் சம்பளமில்லாத பயிற்சியாளர்கள் பல புகழ்பெற்ற சமையலறைகளில் நின்றது அதனால்தான். கோபன்ஹேகனின் நோமா உணவகம் 2022 அக்டோபரில்தான் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் தரத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில், 2023 ஜனவரியில், இந்த மாதிரி உணவகம் நடத்தும் முறை நீடிக்காது என்று அதன் செஃப் ரெனே ரெட்ஸெபியே சொன்னார். போட்டி நிகழ்ச்சிகளில் "என் கனவு ஒரு சின்ன ஃபைன் டைனிங் ரெஸ்டாரன்ட்" என்று கண் கலங்குபவர்களிடம் யாரும் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

எனக்கு நல்லா சமைக்க வரும். போட்டிக்கு விண்ணப்பிக்கவா, கிச்சன்ல வேலைக்குச் சேரவா?

என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. சமையலைப் பற்றிப் பேச, எழுத, உங்கள் பெயரில் ஏதாவது விற்க ஆசை என்றால் போட்டி குறுக்கு வழி. ஒப்பந்தத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். உங்களைப் படமெடுத்ததை எப்படி வேண்டுமானாலும் தொகுக்கும் உரிமை அதில் இருக்கும், அதன் பலனை மேலே ஐஸ்கிரீம் கதையில் பார்த்தீர்கள்.

உணவகம் நடத்த ஆசை என்றால், முதலில் ஒரு சமையலறையில் சில மாதம் அடிமட்ட வேலை பார்த்துவிட்டு யோசியுங்கள். ஒரே காயை ஒரே அளவில் நறுக்கும் நாற்பதாவது நாளிலும் அந்த வேலை அலுக்கவில்லை என்றால் உங்களுக்கு இடம் அதுதான். அலுத்துவிட்டால், அதிக முதல் போடுவதற்கு முன்பே தெரிந்தது லாபம்.

சாப்பிட்டுப் பார்க்க முடியாத நாம, யார் நல்லா சமைக்கறாங்கனு கண்டுபிடிக்கவே முடியாதா?

ஓரளவு முடியும். அழுகை, இசை, கடிகாரம் மூன்றையும் விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். நடுவில் எத்தனை தடவை ருசி பார்க்கிறார்? இறைச்சியை அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டுகிறாரா, கொஞ்ச நேரம் விட்டு வெட்டுகிறாரா? மேசை சுத்தமாக இருக்கிறதா? கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்க ஓடுகிறாரா, ஏதாவது ஒன்றைத் தட்டிலிருந்து விலக்குகிறாரா? விலக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் கடைசிச் சுற்று வரை வருவார்.

சுவைக்கு மட்டும் நடுவரின் வாயைத்தான் நம்பியாக வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, சொல்லி முடித்த பிறகு முள்கரண்டி மறுபடி அந்தத் தட்டுக்குப் போகிறதா என்று பார்ப்பேன். அதையும் சில சமயம் வெட்டிவிடுகிறார்கள், என்ன செய்ய.